பிள்ளையாருக்குப் பின்னால ஒரு கமரா

இல்லைப் பாக்கியம், உமக்கு ஆரோ பிழையாச் சொல்லிப்போட்டினம். கரண்டும் நிக்கேல்லை, கண்ணூறும் இல்லை. என்ர பேத்தி தாரணிக்கு வரவேண்டிய வேலையைக் கெடுத்தது நான்தான். இதை நானே சொன்னாத்தான் சரி, மற்றவை சொன்னா உப்புப் புளி காணாது. அந்தக் கதிரையை இழுத்துப் போட்டு இரும்.

தாரணி யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில போய்க் கொம்பியூட்டர் படிச்சவள். (நான் பள்ளிக்கூடத்தை வெளியில நிண்டு பாத்ததோட சரி. என்ர கையெழுத்து பெருவிரல்.) படிச்சு முடிச்சு ஒரு வருசம் சும்மா இருந்தாள். பிறகு கொழும்புக் கொம்பனி ஒண்டு, இஞ்ச புளியங்கூடல்ல வீட்டில இருந்தே செய்யிற வேலை ஒண்டுக்குக் கூப்பிட்டுது. இன்டவியூவும் லப்டொப்பிலதான். பிள்ளை ஊரை விட்டுப் போகத் தேவையில்லை, சம்பளமும் வரும், மத்தியானம் வீட்டுச் சோறு. எனக்குச் சந்தோசப் புழுகம் தாங்கேலாமல் கோயிலுக்கு ரெண்டு தேங்காய் நேர்ந்து வைச்சன்.

கனடாவில இருக்கிற என்ர மகன் குகன், அதுதான் அவளின்ர தாய்மாமன், இதைக் கேள்விப்பட்ட உடன ஒரு கமரா வாங்கி ஊருக்கு வந்த ஒராளிட்டக் குடுத்துவிட்டான். முட்டையளவு சாமான், பச்சை லைற் ஒண்டும் எரியும். "மருமோளின்ர முகம் வடிவாத் தெரியோணும்" எண்டான்.

அதை லப்டொப்பில வயரால கொழுவின நாள் துவங்கினது வில்லங்கம். லப்டொப் நல்லா ஓடிக்கொண்டிருக்கும். திடீரெண்டு முழுக்க நீலம், அதில வெள்ளையா ரெண்டு வரி எழுத்து, அவ்வளவுதான், செத்துப்போம். கொஞ்ச நேரத்தால தானா உயிர்த்து எழும்பும். நான் முதல்ல கடல் படமாக்கும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். (தீவில இருக்கிறவளுக்கு நீலத்தைக் கண்டா வேற என்ன ஞாபகம் வரும்?) பிறகு செத்தல் மிளகாயும் உப்பும் சுத்தி அடுப்பில போட்டன்.

தாரணி இருமி இருமிச் சொன்னாள்: "அம்மம்மா, இது நாவூறு இல்லை. கொழுவியிருக்கிற சாமான் ஏதோ ஒண்டின்ர கோளாறு. எது எண்டு ஒவ்வொண்டாக் கொழுவிப் பாக்கப்போறன். நீங்கள் கணக்கு வையுங்கோ."

"என்னண்டு பிள்ளை, எனக்கு எழுதத் தெரியாதே?"

"அது உங்கட பாடு!"

மூண்டு தேங்காய்ச் சிரட்டை எடுத்தன். ஒண்டு மவுசுக்கு, ஒண்டு பிறின்ரருக்கு, ஒண்டு கமராவுக்கு. எது கொழுவியிருக்கேக்க நீலம் வருதோ, அதின்ர சிரட்டைக்குள்ள ஒரு புளியங்கொட்டை. மூண்டு நாள் அசையாமல் இருந்தன் பாக்கியம், நீதவான் மாதிரி. கடைசியில கமராச் சிரட்டையில பதினொரு கொட்டை. பிறின்ரருக்கு ஒண்டுமில்லை. மவுசுக்கு ஒண்டு, அதுவும் நான் தூங்கி விழேக்க கை தவறிப் போட்டது.

"பாத்தீங்களோ, கமராதான்!" எண்டு என்ர கன்னத்தைக் கிள்ளினாள்.

கமராவும் நல்லதாம், லப்டொப்பும் நல்லதாம். ரெண்டுக்கும் நடுவில நிண்டு கதைக்கிறதுக்கு டிரைவர் எண்டு ஒண்டை உள்ளுக்கு ஏத்திறவையாம், அதுதான் பிழையாம். எனக்கு விளங்கிற மாதிரியும் சொன்னாள்: "சிங்கள டொக்டரிட்டப் போகேக்க ஒராள் நடுவில நிண்டு மொழி சொல்லுறவர் எல்லோ? நீங்கள் வயித்துக்குத்து எண்டு சொல்ல, அவர் பல்லுக்குத்து எண்டு டொக்டருக்குச் சொன்னா?"

"டொக்டர் பல்லைப் புடுங்கிப்போடுவார்!"

"அதுதான் இஞ்ச நடக்குது. சரியான டிரைவரை இன்டர்நெற்றில இருந்து எடுக்கோணும். இஞ்சத்தச் சிக்னல் நூல் மாதிரி வருது, இன்டவியூ முடியட்டும். லப்டொப்பில ஏற்கனவே இருக்கிற கமரா இப்போதைக்குக் காணும். இதை ஒருதரும் தொடக்கூடாது."

அலுமாரிக்குள்ள வைச்சாள். நாலு நாள் நீலம் எட்டியும் பாக்கேல்லை.

இன்டவியூவுக்கு முதல்நாள் பின்னேரம் குகன் போன் எடுத்தான். "அம்மா, நாளைக்கு என்ர கமராதானே?"

"ஓமடா, பின்ன வேற என்ன" எண்டன். வாய் தன்ர பாட்டில சொல்லிப்போட்டுது.

"அவள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கும் எனக்கு வரக் குடுத்துவைக்கேல்லை. இதிலயாவது மாமன்ர சாமான் முன்னுக்கு இருக்கட்டும்" எண்டான்.

நீர் சொல்லும் பாக்கியம், எங்கட ஆக்களுக்கை மாமன் இல்லாமல் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கோ? காது குத்திறதெண்டாலும் மாமன், தண்ணி வாக்கிறதெண்டாலும் மாமன். மாமன் தந்ததை அலுமாரிக்குள்ள பூட்டிப்போட்டு ஒரு பிள்ளை வேலைக்குப் போனா விளங்குமோ? என்ர புத்தி அப்பிடித்தான் ஓடிச்சுது. கொட்டை எண்ணினவளே நான். எண்ணினதை விட்டுப்போட்டு முறையைப் பிடிச்சன்.

அடுத்தநாள் காலமை, அவளின்ர தாய், என்ர மகள், வேலணைக்கு வேலைக்குப் போயிட்டாள். தாரணி கோயிலுக்குச் சாமி கும்பிடப் போன நேரம், கமராவை எடுத்து, அவள் கொழுவுறதைப் பாத்துப் பழகின ஓட்டையில கொழுவினன். மேல வைச்சாக் கண்டிடுவாள் எண்டு, மேசையில இருந்த பிள்ளையார் படத்துக்குப் பின்னால ஒளிச்சு, வயருக்கு மேல மேசைச்சீலையை இழுத்துவிட்டன். பிள்ளையாரும் காவல், மாமனும் பக்கத்தில. அந்தப் பெருமையோட குசினி வாசல்ல போய் நிண்டன்.

பத்து மணிக்குத் துவங்கிச்சுது. அங்கால ஒரு ஐயாவும் ஒரு அம்மாவும். இங்கிலீசில கேக்கக் கேக்க, தாரணி டக்குடக்கெண்டு மறுமொழி சொன்னாள். திடீரெண்டு அந்த ஐயா தமிழுக்கு மாறினார்.

"தங்கச்சி, உங்களைக் காணேல்லையே. ஒரு பலகையும் ஆணியும் தெரியுது. ஒரு சிலந்தியும் போகுது."

(லப்டொப் தன்ர கமராவை விட்டுப்போட்டு, நான் கொழுவின கமராவாலதான் பாத்ததாம். பிள்ளையார் படத்தின்ர முன்பக்கம் நாளுக்கு ரெண்டுதரம் துடைக்கிறனான். பின்பக்கத்தை ஆர் பாக்கப்போயினம் எண்டு விட்டது.)

அவள் "மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர்" எண்டு வாய் எடுக்கமுதல் நீலம்.

அது எழும்ப அஞ்சு நிமிசம். திரும்பப் போய் மன்னிப்புக் கேட்டாள். திரும்ப நீலம். நெத்தி வேர்த்துத் திருநூறு கரைஞ்சு வழியுது. பிறின்ரரைப் புடுங்கினாள், மவுசைப் புடுங்கினாள். என்னைத் திரும்பிப் பாத்துக் கேட்டாள்:

"அம்மம்மா, கமரா அலுமாரிக்குள்ளதானே?"

"ஓம்" எண்டன்.

ஏன் அப்பிடிச் சொன்னன் எண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை. அந்த நேரம் உண்மையைச் சொல்லியிருந்தா மிச்ச இன்டவியூவாவது நடந்திருக்கும். வெக்கம் பாக்கியம், வெறும் வெக்கம். மூண்டாந்தரம் நீலம் வந்தாப் பிறகுதான் வாய் திறந்துது. "பிள்ளை... பிள்ளையாருக்குப் பின்னால ஒருக்காப் பார்."

பாத்தாள். கழட்டினாள். ஒரு சொல்லு ஏசேல்லை. ஏசியிருந்தா எனக்கு ஆறியிருக்கும். அவள் திரும்பப் போறதுக்கிடையில அவையள் அடுத்த ஆளைக் கூப்பிட்டிட்டினம். அந்த வேலை வேற ஆருக்கோ போச்சுது.

பிறகு வேற வேலை கிடைச்சதுதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் அது கொழும்பில. ஒரு அறையும் கடைச் சோறும். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வருவாள், வந்தாலும் ரெண்டு நாள்.

குகன் கோவிப்பான் எண்டு பயந்தன். அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "அம்மா, அது மலிவு விற்பனையில பொறுக்கினது. குப்பையில போட்டிருக்கலாமே!" எண்டான். அங்க கலியாணவீடு, பிறந்தநாள் ஒண்டும் விடாமல் இந்தக் கதையைச் சொல்லித் திரியிறானாம். இப்ப எங்கட வீட்டில பூட்டின்ர திறப்பைக் காணேல்லையோ, சீனிப் போத்தலைக் காணேல்லையோ, "பிள்ளையாருக்குப் பின்னால பாருங்கோ" எண்டினம். போன கிழமை தாரணி போனில, "அம்மம்மா, இஞ்ச வேலையில எனக்கு மேல இருக்கிற பெரியவர் பிள்ளையார் மாதிரி நல்லவர், ஆனால் அவருக்கும் பின்னால பாக்கப் பயமாக் கிடக்கு" எண்டாள். நானும் சேர்ந்து சிரிச்சன். போனை வைச்சாப் பிறகு போய் அந்தப் படத்தின்ர பின்பக்கத்தைத் துடைச்சன்.

என்ன மணக்குது? ஐயோ, அடுப்பில அரிசிமா! அவளுக்கு அனுப்பவெண்டு வறுக்கப் போட்டனான். விடிய முதல் பஸ்ஸுக்குக் குடுத்துவிடோணும், கருகினதைத் திண்டுகொண்டு அதுக்கும் ஒரு சொல்லுச் சொல்லமாட்டாள் அவள். விடும், வழியை விடும் பாக்கியம்...