பதினொரு மொட்டையும் ஒரு கிராப்பும்

கூச்சக்காரர்கள் மனுஷரிடம் வாய் திறக்கமாட்டார்கள். பேசாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் சாமியிடம் போய்க் கொட்டிவிடுவார்கள். அதனால், கூச்சமுள்ள பெண்ணைத் தனியாகக் கோயிலுக்கு அனுப்பக் கூடாது. என்னை அனுப்பினார்கள். பதினொரு பேர் தலை போயிற்று. (பயப்படாதீர்கள், முடி மட்டும்தான்.)

எங்கள் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் ரங்கூனில் பேர் போன பந்தாட்டக்காரர். இதை நான் சொல்லவேண்டியதில்லை, நீங்கள் உட்காருவதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார். துறைமுகத்து டீமில் வலது பக்கம் ஓடுவார். எங்கிருந்தோ ஒரு கோல் அடித்தாராம். எனக்குக் கல்யாணமான புதிதில் அது பெனால்டி கட்டத்துக்குச் சற்று வெளியிலிருந்து அடித்த கோல். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போய், இப்போது பாதி மைதானத்தைத் தாண்டிவிட்டது. இன்னும் பத்து வருஷம் போனால், பஸுண்டாங் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று அடித்திருப்பார்.

முட்டி போனதும் ரங்கூனில் அவரைச் சீந்துவார் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் த்வாண்டேயில் பானைச் சூளை வைத்திருந்த ஊ தின் என்கிறவர்தான் கூப்பிட்டு, தன் டீமுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லி, சூளைக்குப் பக்கத்தில் ஒரு வீடும் கொடுத்தார். பையன்கள் பகலில் மண் மிதிப்பார்கள், சாயங்காலம் பந்து மிதிப்பார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஆடினார்கள். இவரை 'ஸயா' என்று வாத்தியாராகக் கும்பிட்டார்கள். முட்டி போனாலும் இவருக்கு முடி போகவில்லை. எண்ணெய் வைத்து முன்னால் அலை மாதிரி தூக்கி வாரிய கிராப்பு. மழை வந்தால் முதலில் அதைத்தான் மூடுவார், அப்புறம்தான் கையிலிருக்கும் பிள்ளையை.

ஊ தின் ஒருநாள் வாசலில் நின்று சொன்னார்: "ஸயா, நீங்க ரங்கூன்ல அடிச்ச கோலைக் கேட்டுக் கேட்டு என் காது நிறைஞ்சுபோச்சு. இந்த வருஷமாவது கோப்பை வரணும். வரலைன்னா வீட்டை வேற ஸயாவுக்குக் கொடுத்துடுவேன்."

எனக்கு இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. ரங்கூனில் போய்த் தங்க ஒரு மூலை கிடையாது. அரை இறுதி ஆட்டத்தன்று காலையில் மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன்.

ஒரு மாவிளக்கு வேண்டிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா, மகனுக்குக் காய்ச்சல் விட்டால் மொட்டை போடுவதாகக் கணீரென்று சொல்லிவிட்டுப் போனாள். நான் முணுமுணுத்தேன். பூசாரி காதைக் கிட்டே கொண்டுவந்தார். "சத்தமா சொல்லு தாயி. எனக்கே கேக்கலை, அம்மனுக்கு எப்படிக் கேக்கும்?"

பின்னால் வரிசை. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். எனக்கு மாவிளக்கு என்கிற வார்த்தையே மறந்துபோயிற்று.

"அந்தம்மா சொன்னதே எனக்கும்" என்றேன். (டீக்கடையில் சொல்லுவோமே, அதே மாதிரி.)

"மொட்டையா? யாருக்கு, உனக்கா?"

பின்னலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "ஐயையோ, எனக்கில்லை. டீமுக்கு. இன்னைக்கு ஜெயிச்சா டீம் மொத்தத்துக்கும்."

பூசாரி பந்தாட்டப் பைத்தியம். அம்மனுக்குச் சொல்லுமுன் ஊருக்குச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் எதிராளி ஒருவன் பெனால்டியை மேகத்துக்குள் அடித்தான், நாங்கள் ஜெயித்தோம். ஜெயித்த கையோடு பூசாரி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இறுதி ஆட்டத்துக்கு மறுபடி அவகிட்டத்தான் கேக்கப்போறீங்க. பழசைச் செலுத்தாம எந்த முகத்தோட கேப்பீங்க?"

எங்கள் வீட்டுக்காரர் குதித்தார். "என் டீமை அடகு வைக்க நீ யாருடி? அம்மனா வந்து பந்து அடிச்சா?" என்றார். அப்புறம் தன் முட்டியை ஒருதரம் பார்த்துக்கொண்டார். மிச்சமிருக்கிற இன்னொரு முட்டியும் போய்விடுமோ என்கிற பயம்.

பையன்களில் இரண்டே பேர்தான் நம்மவர்கள். மற்றவர்கள் பர்மாக்காரர்கள். அவர்களும் தயார்தான். எந்தச் சாமியாக இருந்தால் என்ன, சொன்னதைச் செய்யாமல் விட்டால் யாருக்குத்தான் பயமிருக்காது? இறுதி ஆட்டத்தன்று விடியற்காலையில் வரிசையாக உட்கார்ந்து பதினொரு பேரும் மழித்துக்கொண்டார்கள்.

"நீங்க உக்காரலையா ஸயா?" என்றான் கோ சான். தலையால் முட்டியே கோல் போடுகிற பையன்.

"நான் பயிற்சியாளன்டா. டீம்ல சேர்த்தி இல்லை" என்று இவர் சீப்பை எடுத்து அலையைச் சரிசெய்துகொண்டார்.

கத்தி எரிச்சல் தாங்காமல் பையன்கள் தலையை ஊதிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். மொட்டை போட்டால் சந்தனம் வைக்கவேண்டுமே, கொஞ்சம்தான் இருந்தது. பர்மாக்காரர்கள் முகத்துக்குப் பூசுகிற 'தனக்கா' என்னும் கட்டையை அரைத்துச் சேர்த்துப் பதினொரு தலைக்கும் தாராளமாக அப்பினேன். என் ஆயுசிலேயே அவ்வளவு மனசோடு நான் எந்த வேலையும் செய்ததில்லை.

ரங்கூன் போகிற படகில் ஒரு கிழவி எங்கள் பையன்களைப் பார்த்ததும் புத்த பிக்குகள் என்று நினைத்து விழுந்து கும்பிட்டாள். அப்புறம் கால்சட்டையைப் பார்த்துவிட்டுத் திட்டினாள்.

மைதானத்தில், எதிர்த்து ஆட வந்த தன்லியின் ஊர் டீம் எங்களைப் பார்த்துச் சிரித்தே களைத்துவிட்டது. ஆட்டம் ஆரம்பித்தபிறகுதான் எனக்கே புரிந்தது, பின்னாலிருந்து பார்த்தால் எவன் எவனென்று பெற்றவளுக்கே தெரியாது. சட்டை நம்பரோ எப்போதோ வெளுத்துப்போயிற்று. "கோ சான், முன்னாடி போ!" என்று இவர் கத்துவார், கோல்கீப்பர் திரும்பிப் பார்ப்பான். ஒருவன் காலை வாரினதற்கு நடுவர் வேறொருவனை வெளியே அனுப்பினார். அவன் அழுதுகொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அப்படியும் கோல் விடாமல் கடைசி வரைக்கும் தாக்குப்பிடித்தார்கள். முடிகிற நேரத்தில் மூலையிலிருந்து ஒரு பந்து எங்கள் கோலை நோக்கி வந்தது. அதைத் தள்ளிவிட கோ சான் ஓடிவந்து எம்பினான். அவன் தலைக்குத் தப்பிய பந்தே கிடையாது. அன்று வேர்வையும் எண்ணெயும் தனக்காவும் குழைந்து கிடந்த தலையில் பந்து பட்டது. சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு பின்னால் போய், எங்கள் வலைக்குள்ளேயே விழுந்தது.

திரும்புகிற படகில் பையன்கள் எண்ணெய்த் தலையை ஆற்றுத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஊ தின் மட்டும் எழுந்து வந்து, இவர் பக்கத்தில் அல்ல, என் முன்னால் நின்றார்.

"மா தெய்வானை, நீ அம்மன்கிட்ட சரியா என்ன சொன்னே?"

படகு முழுக்க என்னைப் பார்த்தது. வீடும் பாத்திரமும் பிள்ளைகளும் கண்ணுக்குள் ஓடின. "டீம் மொத்தத்துக்கும் மொட்டைன்னு சொன்னேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது.

ஊ தின் பதினொரு தலையையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு பன்னிரண்டாவதைப் பார்த்தார். காற்றில் அந்த அலை அசைந்துகொண்டிருந்தது.

"ஸயா டீம்ல சேர்த்தியா, இல்லையா?"

இவர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். சேர்த்தி இல்லை என்றால் முடி இருக்கும், வீடு இருக்காது. டீமில் சேராத ஆளுக்கு டீம் வீடு எதற்கு?

"சேர்த்திதான்" என்றேன்.

"அதான் பார்த்தேன்!" என்று ஊ தின் தொடையில் தட்டினார். "சாமிக்குக் கணக்குத் தெரியாதா? குறை வச்சது இந்த ஆள்தான். பையன்கள் மேல தப்பில்லை. நாளைக்குக் காலையில முழுசாச் செலுத்துங்க. அடுத்த வருஷம் பார்ப்போம்."

மறுநாள் ஊரே கூடி நின்று பார்க்க அலை இறங்கிற்று. கோ சான்தான் எண்ணெய் தடவினான், கொஞ்சம் அழுத்தமாகவே. வீடு எங்களுக்கே நின்றது. அடுத்த வருஷம் கோப்பையும் வந்தது. முடிதான் வரவில்லை. காதோரம் இரண்டு பக்கமும் கொஞ்சம் வந்தது, நடுவில் இன்றுவரை வெட்டவெளி. அது அவர் அப்பா வழிச் சொத்து என்று எனக்குத் தெரியும். அவர் கணக்கில் அது என் வாய் செய்த வேலை.

இப்போது ரங்கூனில் தாகேதாவில் மகன் வீட்டில் இருக்கிறோம். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பாதிதான் வரும், இந்தக் கதை மட்டும் முழுசாக வரும். நான் கோயிலுக்கென்று செருப்பை மாட்டினால் போதும், மூன்றும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் ஓடுகின்றன.

அவர் மட்டும் நாற்காலியை விட்டு அசையமாட்டார்.

"போய்ட்டு வா. எங்கிட்டேருந்து வாங்க இனிமே அம்மனுக்கு ஒண்ணுமில்லை."