லாபம் அக்காவின் ஐந்தாவது கிண்ணம்

மாண்ட்ரியால் நகரத்தில் லாபம் அக்காவின் எண்ணிக்கைக்குத் தப்பியது அநேகமாகப் பனி ஒன்றுதான். மற்ற அத்தனையையும் அவர் எண்ணியாயிற்று. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் தன் வீட்டிலேயே கார்டரி, அதாவது குழந்தைகள் காப்பகம் நடத்தினார். யாழ்ப்பாணத்துக்காரர். அசல் பெயர் அங்கே பிள்ளைகளை விடும் எங்களில் யாருக்கும் தெரியாது.

நெல் அளக்கிறவர்கள் முதல் படியை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்பார்களாம். அக்காவும் அப்படியே. லாபம், ரெண்டு, மூண்டு என்றுதான் படி ஏறுவார், பால் ஊற்றுவார், பிள்ளைகளுக்கு ஷூ மாட்டுவார். உனக்கு எத்தனை மூக்கு என்று டாக்டரம்மா கேட்டதற்கு என் மூன்று வயது மகள் மீரா, "லாபம்" என்று பதில் சொன்னாள். நான் சென்னையில் பிறந்து கம்ப்யூட்டர் தட்டிப் பிழைக்கிறவன். நெல்லைக் கண்டேனா, படியைக் கண்டேனா? லாபம் என்பது பிள்ளையார் சுழி மாதிரி, அதைப் போட்டுவிட்டுத்தான் ஒன்று ஆரம்பிக்கும் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. அதுதான் என் குணம்.

அக்டோபரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. கொஞ்சம் சீக்கிரம் போய்விட்டேன். சீக்கிரம் வரும் அப்பன்மாரை அக்கா சும்மா உட்கார விடமாட்டார். ஜான்-டலோன் சந்தையில் வாங்கிய கலர் மக்காச்சோளத்தை உதிர்த்து வைத்திருந்தார். ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து கிண்ணம், கிண்ணத்துக்குப் பத்து மணி போடச் சொன்னார். பிள்ளைகள் ஒவ்வொரு மணியாகத் துணி கிளிப்பால் கவ்வி, தேங்க்ஸ்கிவிங்குக்காகச் செய்த அட்டை வான்கோழியின் வாலில் ஒட்டியிருந்த தங்கள் கோப்பையில் போட வேண்டும். விரலுக்குப் பலம், எண்ணவும் பழக்கம். போட்டுக் கொடுத்துவிட்டு நான் போனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன்.

முடிந்ததும் அக்கா கோப்பைகளில் இருந்த மணிகளை எண்ணினார். நான்கில் பதினொன்று இருந்தது. மீராவின் கோப்பையில் மட்டும் பத்து. நான் சிரித்தேன். நாலு கோப்பையில் கை தவறிக் கூடப் போட்டிருப்பேன், என் பெண்ணுடையதுதான் சரி என்றேன். சொல்வதில் கொஞ்சம் பெருமை வேறு.

அக்கா சிரிக்கவில்லை.

"தம்பி, நீங்கள் எப்பிடி எண்ணினனீங்கள்? ஒருக்கா எண்ணிக் காட்டுங்கோ."

காட்டினேன். லாபம், ஒண்ணு, ரெண்டு...

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "லாபம் எண்டாலே ஒண்டுதான் தம்பி. எல்லாத்துக்கும் பதினொண்டுதான் போட்டிருக்கிறீங்கள். இந்தப் பிள்ளையின்ரயிலதான் ஒண்டைக் காணேல்லை."

இருவரும் குனிந்து தேடினோம். மேசைக்கு அடியில் இல்லை. சட்டைப் பையில் இல்லை. மீரா வாயைத் திறந்தபடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். எங்கே போட்டாய் என்று நான் கேட்ட கேள்விக்கு உதடு பிதுங்கியது. அக்கா போன் வெளிச்சத்தில் அவள் வாயைப் பார்த்தார், காதைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார். வலது மூக்குக்குள் மஞ்சளாக ஏதோ மினுங்கியது. நான் மடையன், மேசையில் கிடந்த கிளிப்பை எடுத்தேன். பளாரென்று என் கையில் ஓர் அடி விழுந்தது.

"கை வைக்காதேங்கோ, உள்ளுக்குப் போயிடும். பிள்ளையின்ர வாயில வாய் வைச்சு ஒருக்கா ஊதுங்கோ. நான் மற்ற மூக்கைப் பொத்திறன். வராட்டில் நேரா ஆஸ்பத்திரிதான்."

அப்பா பெரிய முத்தம் தரப்போகிறார் என்று அக்கா அவளைச் சமாதானப்படுத்தி மடியில் வைத்துக்கொண்டார். ஊதினேன். ஒன்றும் வரவில்லை. மீரா அழத் தொடங்கினாள். மற்ற நாலு பிள்ளைகளும் கிளிப்பைக் கையில் பிடித்தபடி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டாம் தடவை ஊதியதும் சோளமணி சளியோடு பறந்து அக்காவின் கன்னத்தில் போய் ஒட்டியது.

கன்னத்தை அவர் உடனே துடைக்கக்கூட இல்லை. மணியை எடுத்துக் கோப்பையில் போட்டு, பதினொண்டு என்றார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து மீராவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. இந்த மனுஷியின் எண்ணுகிற பைத்தியத்தை நான் ஆபீஸ் பூராவும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு அது இல்லையென்றால், சரியாகப் பத்து இருக்கிறது என்று பெருமையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன்.

விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு போனேன். அக்கா அதைப் பற்றிப் பேசவே இல்லை. முழங்கால் உயரத்தில் ஒரு குட்டி நாற்காலியை இழுத்து மீராவின் பக்கத்தில் போட்டார்.

"இருங்கோ தம்பி. நீங்களும் பிள்ளையளோட சேர்ந்து எண்ணிப் பழகுங்கோ. வேலைக்குக் கொஞ்சம் பிந்திப் போகலாம்."

அன்றைக்கு நான் ஆபீசுக்கு ஒரு மணி நேரம் தாமதம். மேலாளர் காரணம் கேட்டார். எங்கள் அக்கா விடவில்லை என்று சொன்னேன். எனக்குக் கூடப்பிறந்த அக்கா யாரும் கிடையாது.