பேய்க்கந்தோரும் திறப்புக்காரப் பேயும்

கொழும்பில் இருந்த பேய்கள் ஒரேயொரு மனிதருக்குத்தான் பயந்தன. அவர் வெள்ளவத்தையில் எங்கள் லொட்ஜின் மேல்மாடி மூலை அறையில் குடியிருந்தார்.

அவருக்கும் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நாங்கள் கூப்பிட்டது பேய்க்கந்தோர் என்றுதான். கந்தோர் என்றால் அலுவலகம்; அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பென்சன் பகுதியில் வேலை பார்த்தார். விதவைக்குப் பென்சன் கொடுப்பதற்கு முன்னால், அந்த மனிதன் உண்மையிலேயே செத்தானா, எப்படிச் செத்தான், வந்து நிற்கிற பெண் அவன் மனைவிதானா என்று துருவித் துருவி விசாரிப்பதுதான் அவருடைய உத்தியோகம். பகல் முழுக்க இதைச் செய்த மனிதரால் வேலை முடிந்த பிறகும் நிறுத்த முடியவில்லை. வீட்டுக்கு வந்து அதே விசாரணையைப் பேய்களிடம் நடத்தினார்.

அது யுத்தக் காலம். எங்கள் லொட்ஜில் இருந்த எல்லோரும் யாழ்ப்பாணத்திலிருந்து பயணப் பாஸ் எடுத்து வந்து, பொலிசில் பதிந்து, வெளிநாடு போகக் காத்துக் கிடந்த பெடியன்கள். பொழுது போகாது. யாராவது ஒரு பேய்க்கதையை எடுத்தால் போதும், மூலை அறைக் கதவு திறக்கும்.

"பேர் என்ன?"

"ஆற்றை பேர், ஐயா?"

"பேயின்ரை பேர். எந்தக் காலத்து ஆள்? என்னத்தாலை செத்தது? திரும்பி வரவேண்டிய தேவை என்ன?"

இந்த நான்குக்கும் பதில் இல்லாவிட்டால் பேய் தள்ளுபடி. எங்கள் குளியலறையில் ஒரு பெண் முனகுகிறாள் என்று லொட்ஜ் சொந்தக்காரம்மா ஐயரைக் கூப்பிட ஆயத்தப்பட்டார். பேய்க்கந்தோர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார், வெளியே வந்தார். "அம்மா, ஐயரை விடுங்கோ. பிளம்பரைக் கூப்பிடுங்கோ."

பேய் இரவில்தான் வரும் என்று சொன்னால் அவருக்குக் கெட்ட கோபம் வரும். "ராவிலை கண் தெரியாத ஆக்கள் கட்டின கதை. கணக்குத் தீராத பேய் மத்தியானமும் வரும்."

ஆனால் அவர் ஏற்றுக்கொண்ட பேய்களும் இருந்தன. கொம்பனித்தெருப் பக்கம் பஸ்ஸில் போகும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார். ஒருநாள் காரணம் கேட்டேன். டச்சுக்காரரான ஒல்லாந்தரின் காலத்தில் கடல் கடந்து பிடித்துக்கொண்டு வந்த அடிமைகளைப் பகலெல்லாம் கோட்டையில் வேலை வாங்கிவிட்டு, பொழுதுபட்டால் அங்கேதான் அடைத்து வைத்தார்களாம். தப்பி ஓடாமலிருக்கச் சுற்றியிருந்த ஏரியில் முதலைகள் இருந்தனவாம்.

"அதுகளின்ரை பேர் ஒண்டும் ஒரு இடமும் இல்லை, தம்பி. அங்கை மட்டும் நான் விசாரிக்கிறேல்லை. கேள்வியில்லாமல் பாஸ்."

அன்றைக்குத்தான் இந்த மனிதரை வெறும் விசர் என்று நினைத்தது பிழையோ என்று எனக்கு முதல்முதலாகத் தோன்றியது.

எனக்குத் தூதரகத்தில் நேர்முகம் வந்தது. பின்னேரம் இரண்டு மணிக்கு. தவறினால் மறுபடி தர மாட்டார்கள். அக்கா காணியை ஈடு வைத்து அனுப்பிய பிள்ளை நான். எங்கள் லொட்ஜில் ஒரு வழக்கம் இருந்தது. முக்கியமான அலுவலுக்குப் போகும் பெடியன் தனியே போகமாட்டான். செக்பொயின்ற்றில் கதைக்கச் சிங்களம் தெரிந்த, அரசாங்க அடையாள அட்டை வைத்திருக்கிற பெரிய மனிசர் ஒருவர் கூடப் போவார். எனக்குப் பேய்க்கந்தோர் வந்தார். காலையிலேயே எனக்குத் தன்னுடைய ரையைக் கழுத்தில் கட்டிவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

"வெள்ளணப் போவம். வழியிலை கொட்டாஞ்சேனையிலை ஒரு சின்ன அலுவல்."

வெள்ளவத்தையிலிருந்து தூதரகம் இருக்கிற கறுவாத்தோட்டத்துக்குப் போகிற வழியில் கொட்டாஞ்சேனை வராது என்பது கொழும்புக் காகத்துக்கும் தெரியும். கூட வருகிறவரோடு வாதாட முடியுமா? போனேன்.

அலுவல் ஒரு பழைய வீடு. பட்டப்பகலில் ஒரு பெண் மாடிப்படியால் இறங்கி வருகிறாள் என்று அவருக்குத் தகவல் வந்திருந்தது. "அவள் ஒல்லாந்தக்காரி எண்டு சொல்லுறாங்கள். வீடு அவ்வளவு பழசோ எண்டு முதல்ல பாக்கவேணும். சுவர் தடிப்பெண்டால் சரி." பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து ஒரு நுனியை என் கையில் தந்தார்.

நினைத்துப் பாருங்கள். யுத்தக் காலம். துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெரு. ரை கட்டின ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியனும் குடை பிடித்த ஒரு மனிதரும் ஒரு சுவரை அளக்கிறார்கள். ஜீப் வருவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? நாங்கள் இரண்டாவது மூலைக்கே போகவில்லை.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரியான ஓ.ஐ.சி. அளவுநாடாவை மேசையில் வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். கதை முழுக்கச் சிங்களத்தில்தான் நடந்தது. எனக்கு விளங்காததைப் பேய்க்கந்தோர் பிறகு சொன்னார்.

"சுவரை ஏன் அளந்தாய்?"

"ஒரு பேய் விஷயமாக, சேர்."

"பேய் எவ்வளவு நீளம்?"

"பேயை அளக்க முடியாது, சேர்," என்றார் பேய்க்கந்தோர் பொறுமையாக. "சுவரைத்தான்."

சார்ஜன்ற் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். ஓ.ஐ.சி. சிரிக்கவில்லை. கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்த ஸ்டேஷனில் ஹோல்மன் பேய் ஒன்று இருக்கிறது என்று பொடியன்கள் சொல்கிறார்கள். பின்னறையில் பூட்டு தானாக ஆடுகிறது. உனக்குப் பேயைப் பற்றித் தெரியுமென்றால் பார்த்துச் சொல்."

எனக்கு உயிர் வந்தது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் தப்பிவிடுவோம். பேய்க்கந்தோர் பின்னறைக்குப் போய் முகட்டைப் பார்த்தார். பூட்டைத் தட்டினார். திரும்பி வந்தார்.

"பேய் இல்லை, சேர். மேலே ஓடு உடைந்திருக்கிறது. காற்று."

ஓ.ஐ.சி.யின் முகம் சுருங்கியது. "அப்படியென்றால் நீ பேய் பார்க்கிறவனும் இல்லை. இரண்டு பேரையும் உள்ளே போடு. நாளைக்கு விசாரிக்கலாம்."

கம்பிக் கதவு போட்ட அந்தப் பின்னறையில் மர வாங்கில் இருத்திப் பூட்டிவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. "ஐயா, ஒரு பேயைச் சொல்லியிருக்கலாமே!"

"இல்லாததை எப்பிடியடா சொல்லுறது? பேர் இல்லை, காலம் இல்லை. நான் இவ்வளவு நாளும் ஒரு பொய்ப்பேயைப் பாஸ் பண்ணினதில்லை."

"ரெண்டு மணிக்கு எனக்கு இன்டர்வியூ, ஐயா. அக்கா காணியை வைச்சு..."

பேய்க்கந்தோர் என்னைப் பார்த்தார். அழுது துடைத்ததில் ரை ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. அதை நேராக்கினார். பிறகு எழுந்து கம்பியைத் தட்டினார்.

"சேர், என்னுடைய கணிப்புப் பிழை. பேய் இருக்கிறது."

ஓ.ஐ.சி. ஓடியே வந்தார். பேய்க்கந்தோர் கண்ணை மூடிக்கொண்டு, பல்லுப் பிடுங்கக் கொடுக்கிறவரின் முகத்தோடு சொன்னார்: இந்த இடத்தில் ஒல்லாந்தர் காலத்தில் ஒரு சிறைக்கூடம் இருந்தது. அதன் சாவிகளை வைத்திருந்த திறப்புக்காரன் ஒரு குற்றமும் செய்யாத பெடியன் ஒருவனை உள்ளே பூட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனான். சாப்பிட்டு நித்திரையாகிவிட்டான். வந்து பார்த்தால் வெக்கையில் பெடியனுக்கு உயிர் இல்லை. அதற்குப் பிறகு, செத்தும்கூட, திறப்புக்காரனுக்கு நிம்மதி இல்லை. குற்றமில்லாத ஆளை மத்தியானம் தாண்டி இங்கே பூட்டி வைத்தால் திறப்புக் கோர்வையோடு வந்துவிடுவான்.

"வந்தால் என்ன செய்வான்?" என்று கேட்டார் ஓ.ஐ.சி.

"பூட்டினவரைத் தேடுவான், சேர்."

அந்த நேரம் பார்த்து உடைந்த ஓட்டுக்குள்ளால் காற்று வந்து பூட்டு ஆடியது. ஓ.ஐ.சி. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எங்கள் அடையாள அட்டைகள் அதிசயமான வேகத்தில் கைக்கு வந்தன. தூதரகம் வரை கொண்டுபோய் விடச் சொல்லி ஜீப்பும் தந்தார்.

நேர்முகம் நல்லபடி முடிந்தது. திரும்பி வரும்போது பேய்க்கந்தோர் பஸ் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்குகிற இடம் வந்தபோது என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அப்பிடி ஒரு பேய் இல்லை. தெரியுந்தானே?"

"ஓம் ஐயா."

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

சொல்லவில்லை. வெளிநாடு வந்தேன். அக்காவின் காணி மீண்டது. பேய்க்கந்தோர் காலமான செய்தியை லொட்ஜ் நண்பன் ஒருவன் தொலைபேசியில் சொன்னான்.

அண்மையில் இங்கே ஒரு கலியாண மண்டபத்தில் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் தன்னுடைய கொழும்புக் காலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரையும் ஒருநாள் அதே பொலிஸ் நிலையத்துக்குப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"ஆனால் மத்தியானத்துக்கு முன்னம் விட்டிட்டாங்கள், அண்ணை. அங்கை ஒரு ஒல்லாந்தர் காலத்துத் திறப்புக்காரன் வாறவனாம். அதாலை சும்மா பிடிச்ச ஆக்களைப் பன்னிரண்டு மணிக்கு மேலை வைச்சிருக்கப் பயம். நீங்கள் படிச்ச ஆள், உப்பிடியொரு பேய் உண்மையா இருந்ததோ?"

பொய்யே சொல்லத் தெரியாத ஒரு மனிதர் எனக்காகச் சொன்ன ஒரேயொரு பொய் அது. இன்னும் எத்தனை பெடியன்களுக்குக் கதவு திறந்து விட்டதோ தெரியாது.

"ஓம், உண்மைதான்," என்றேன்.