ஞாயிறு மாலை ஆர்டர் இல்லை

"இனிமே ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆர்டர் கெடையாது!" என்று கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அறிவித்தார் என் வீட்டுக்காரர் பாண்டுரங்கன்.

எனக்குத் திக்கென்றது. எங்கள் இட்லி வியாபாரத்தில் அந்த ஒரு வேளை போனால் நஷ்டமில்லை. ஆனால் பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போய் வருகிற அந்த நேரத்தில்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். மற்ற நேரமெல்லாம் அவருக்குப் பேச்சுத்துணை ரிமோட்.

ஒரு காலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் கர்சீப் போட்டு எனக்கு இடம் பிடிப்பார். அந்தக் கர்சீப்பை நம்பித்தான் கழுத்தை நீட்டினேன். இன்று சோபாவில்கூட எனக்கு இடமில்லை.

ஆர்டர் எடுக்கும் இணையதளத்தை எங்கள் மகள் கவிப்பிரியா ஜாவாஸ்கிரிப்டில் எழுதியிருந்தாள். ஹாலிலுள்ள பழைய கம்ப்யூட்டரில், கன்டெய்னர் என்கிற பெட்டிக்குள் அது ஓடுகிறது. எந்த வேளை கடை உண்டு, எந்த வேளை இல்லை என்பதெல்லாம் தனியாக ஒரு கோப்பில். என்விரான்மென்ட் வேரியபிள் என்று வாயில் நுழையாத பெயர்.

"பெட்டியைப் போடும்போது ஒரு தடவைதாம்மா அதைக் கேட்டுக்கும். அப்புறம் கோப்பை மாத்தினா அதுக்குத் தெரியாது, கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும். பழைய பெட்டியை எடுத்துட்டுப் புதுசு போடணும்" என்றாள் மகள். நான் கேட்டுக்கொண்டேன். அவர் "தெரியும், தெரியும்" என்றார்.

இப்போது கோப்பில் 'ஞாயிறு மாலை = இல்லை' என்று தட்டினார்.

"மூடியாச்சு! எவன் ஆர்டர் போடறான்னு பாக்கறேன்."

"உங்க பேச்சை மீறுமா?" என்று சொல்லிவிட்டு, அந்த ஞாயிறு மாலையே கோயிலுக்கென்று கிளம்பினேன்.

சிறிது நேரத்தில் போன்.

"சரோஜா, இன்னாடி இது! ஆர்டர் மணி அடிக்குது. யாரோ முத்துச்செல்வியாம். வல்லம் வடகால் பஸ் ஸ்டாப்புக்கு நாலு இட்லியாம்!"

"மூடிட்டேன்னீங்க?"

"மூடித்தான் கீது! கம்ப்யூட்டரையே ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன். எழுந்ததும் மறுபடி அதே பேருதான் நிக்குது!"

"வுட்டுடுங்க. பட்டினி கெடக்கட்டும்."

சொல்லிவிட்டேனே தவிர, பயம்தான். நிஜமாகவே விட்டுவிட்டால்?

"நம்ம கம்பெனி பஸ் ஸ்டாப்புடி அது. அங்க ஒரு பொண்ணு பசியோட நிக்கலாமா?" என்று வைத்துவிட்டார்.

வண்டி வந்தது. பொட்டலத்தோடு இறங்கி, "யாரும்மா முத்துச்செல்வி?" என்றார்.

பெஞ்சில் நான். பக்கத்தில் விரித்துப் போட்ட கர்சீப்.

"நீயா! கோயிலுக்குன்னுட்டு..."

"எடம் புட்ச்சி வச்சிகினு கீறேன். உக்காருங்க."

உட்கார்ந்தார். எனக்குக் கொண்டுவந்த இட்லியில் மூன்றை அவரே தின்றார். மழையில் பஸ் நின்றுபோன நாள், நான் செருப்பைத் தொலைத்த நாள், சூப்பர்வைசர் எங்களைப் பார்த்துவிட்ட நாள் என்று விளக்கு போடும்வரை பேச்சு.

எழுந்திருக்கும்போது மெதுவாகக் கேட்டார். "அந்தப் பெட்டி ஏண்டி நான் சொன்னதைக் கேக்கல?"

"இத்தினி வருசமா நான் கேட்டனா?"

சிரித்துவிட்டார். சரி, டெலிவரிக்கு எத்தனை நட்சத்திரம் போடப்போகிறாய் என்று என் போனை ஆசையாக எட்டிப் பார்த்தார்.

இரண்டுதான் போட்டேன். சட்னியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.