பலகையில் முதல் பெயர்

திங்கட்கிழமை காலை ஆசிரியர் அறைக் கம்ப்யூட்டரைத் திறந்த அட்லஸ் சாருக்கு, அப்போதுதான் குடித்த காபி நெஞ்சிலேயே நின்றுவிட்டது. அவர் பெயருக்கு நேரே பன்னிரண்டு. புது டீச்சர் பெயருக்கு நேரே பத்தொன்பது.

அக்குளில் எந்நேரமும் ஒரு தடித்த அட்லஸை இடுக்கிக்கொண்டு திரிவதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் அது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பள்ளிக்கூடம் நடத்தும் சமூக அறிவியல் இணையதளத்தில் பாதிப் பாடங்கள் அவர் எழுதியவை. சுற்றுவட்டாரத்து முப்பது பள்ளிகளின் ஆசிரியர்களும் பிள்ளைகளும் அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படிக்கிறார்கள். யார் எத்தனை புதுப்பிப்பு செய்தார்கள் என்று முகப்பில் ஒரு பலகை வாராவாரம் காட்டும். எந்தப் பக்கத்தில், என்ன செய்தார்கள் என்பதெல்லாம் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டருக்கு மட்டும்தான் தெரியும். பருவ முடிவில் யார் பெயர் முதலில் நிற்கிறதோ, அவர்தான் இனி தளத்தின் பொறுப்பாசிரியர் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார்.

அட்லஸ் சார் அந்தப் பதவி தனக்குத்தான் என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. வாய் சும்மா இருக்காமல் மாமனாரிடமும் சொல்லித் தொலைத்திருந்தார்.

புது டீச்சர் போன வருஷம்தான் வந்தவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். பூனை மாதிரி இருந்துகொண்டு பத்தொன்பதா? அட்லஸ் சாருக்கு வயிறு பற்றி எரிந்தது. அவர் அதை ஆரோக்கியமான போட்டி என்று சொல்லிக்கொண்டார். நாம் பொறாமை என்றே சொல்லுவோம்.

"அந்தம்மா பேரு மேல இருந்தா உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டாள் மனைவி.

"எங்கன்னு தெரிஞ்சா மாத்திரை போட்டிருப்பேனே."

அந்த வாரம் சார் கச்சை கட்டிக்கொண்டு இறங்கினார். பாடவேளைகளுக்கு நடுவில் எழுதினார். பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்த்துக்கொண்டே எழுதினார். பல் டாக்டரிடம் போனபோது ஒரு கன்னம் மரத்துப்போன நிலையிலும் நீதிமன்றங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினார். எழுதியதைத் திரும்பப் படிக்கிற வழக்கம் அவருக்கு என்றைக்குமே கிடையாது. இப்போது அதற்கு நேரமும் இல்லை.

அடுத்த திங்கள் அவருக்கு இருபத்தாறு. அந்தம்மாவுக்கு நாற்பத்தொன்று.

சரி, கை ஒன்றுதானே வேலை செய்கிறது, இரண்டாக்குவோம் என்று மனைவியைத் தட்டச்சு செய்ய உட்கார வைத்தார். இவர் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி சொல்லச் சொல்ல, அவள் தட்டிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் அவளுக்கே சந்தேகம் வந்து, ராஜா பிறக்கிறதுக்கு முன்னாலேயே முடிசூட்டிக்கிட்டாரா என்று கேட்டாள். குறுக்கே பேசினால் வேகம் கெட்டுவிடும் என்று சார் கடிந்துகொண்டார். அவளும் எக்கேடாவது கெட்டுப் போகட்டும் என்று அப்படியே தட்டிவிட்டாள்.

அந்த வாரம் அவருக்கு ஐம்பத்தெட்டு. அந்தம்மாவுக்குத் தொண்ணூற்றாறு.

இதென்ன அக்கிரமம்! இவர் ஓடாமல் இருந்தால் அந்தம்மாவும் ஓடுவதில்லை. இவர் ஓடினால் அந்தம்மா பறக்கிறார். சாருக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் வடதுருவத்தைத் தெற்கே காட்டினார். பிள்ளைகள் மரியாதைக்காக எழுதிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மாடிப்படியில் புது டீச்சரே எதிரே வந்தார். கண் இரண்டும் சிவந்து, சுற்றிலும் கறுத்துக் கிடந்தன.

"சார், இந்த வாரமும் நிறைய போடப் போறீங்களா?"

"ஏன், பயமா இருக்கா?"

"கொஞ்சம்" என்றார் அவர். "ஒரு நாளைக்கு ரெண்டு போட்டா போதாதா சார்? நிதானமா போடலாமே."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! மேலே நிற்கிறவர் கீழே நிற்கிறவனுக்கு நிதானம் போதிக்கிறார். சார் விறுவிறுவென்று இறங்கிப்போய், அன்றைக்கு மட்டும் பதினெட்டு போட்டார்.

வியாழனும் வெள்ளியும் கண்வலி என்று புது டீச்சர் லீவு போட்டார். சார் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்காத குறைதான். ஆனால் திங்கட்கிழமை பலகை என்ன சொன்னது தெரியுமா? அந்தம்மாவுக்கு நூற்று முப்பது.

கண்வலியோடு நூற்று முப்பதா? இது கள்ள ஆட்டமேதான். சார் இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதி எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனார். மறுநாள் பொறுப்பாசிரியர் யார் என்று அறிவிப்பு. விட்டால் இருபத்திரண்டு வருஷமும் போச்சு, மாமனார் முகத்தில் விழிக்கவும் முடியாது.

தலைமை ஆசிரியை புகாரைப் படித்துவிட்டு, புது டீச்சரையும் ஆப்பரேட்டரையும் கூப்பிட்டனுப்பினார். எண்ணிக்கை ஏறுவதற்காகவே ஒன்றுமில்லாததையெல்லாம் மாற்றுகிறார் என்று சார் குற்றம் சாட்டியிருப்பதாகச் சொல்லி, அது உண்மையா என்று புது டீச்சரைக் கேட்டார்.

புது டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சார் பக்கம் ஒருமுறை பார்த்தார். மறுபடி தரையைப் பார்த்தார்.

"எனக்கு அந்தப் பொறுப்பு வேண்டாம் மேடம். சாருக்கே கொடுத்துடுங்க."

குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று சாருக்கு மனசு குளிர்ந்தது. அதோடு விட்டிருந்தால் ஜெயித்திருப்பார். ஆனால் இத்தனை வாரம் எரிந்த வயிறு விடவில்லையே!

"கொடுத்தா மட்டும் போதாது மேடம். இவங்க செஞ்ச மாத்தம் ஒண்ணு விடாம இப்பவே அழிக்கணும். என் கண்ணு முன்னால அழிக்கணும்."

தலைமை ஆசிரியை தலையசைத்தார். ஆப்பரேட்டர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டியலைத் திறந்தார். மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறையும் பார்த்தார்.

"அழிச்சுடறேன் சார், எனக்கென்ன வந்தது? ஆனா இது மொத்தமும் உங்க பாடத்துல இருந்த தப்பை டீச்சர் திருத்தினது. அழிச்சேன்னா, கடல்ல பொறந்து மலை மேல ஏறிப் போற உங்க நதி நாளைக்கே முப்பது ஸ்கூல்லயும் ஏற ஆரம்பிச்சுடும், பரவாயில்லையா?"