சாவியும் சூட்டு ஊசியும்

அந்த வீட்டில் ஸ்கூட்டர் சாவிக்குக் காவல் இருந்தது பூட்டு இல்லை. பிரஷர் பார்க்கும் மெஷின்.

மெஷின் கணவருடையது. பிரஷரும் அவருடையதுதான். வாஷிங் மெஷின் ரிப்பேர் கம்பெனியில் புகார் கேட்கும் சீட் அவருக்கு. யார் வீட்டில் துணி கிழிந்தாலும் வந்து அவரைக் கிழிப்பார்கள். மிச்சம் மீதியை மேனேஜர் கிழிப்பார். ஆக, வந்த பிரஷர் பொய்யில்லை. வந்ததை வீணாக்கக் கூடாது என்று நினைத்தார் பாருங்கள், அங்கேதான் வினை.

லீவு நாளில் மனைவி மெல்ல ஆரம்பிப்பாள்.

“ஏங்க, நான் ஸ்கூட்டர் கத்துக்கட்டுமா? நீங்க ஆபீஸ் விட்டு வர்ற வரைக்கும் பாப்பா ஸ்கூல் கேட்லயே நிக்கிறா.”

உடனே கையில் பட்டையைச் சுற்றுவார். கண்ணை மூடி மேனேஜர் முகத்தை நினைப்பார். மெஷின் கீங் கீங் என்று கத்தும்.

“பாத்தியா? பேச்சுக்கே இவ்ளோ ஏறுது. நீ ஓட்டினா நான் போய்ச் சேர வேண்டியதுதான்.”

“ஐயையோ, வேணாங்க. நீங்க படுங்க.”

ஃபேனைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவாள். அவர் நிம்மதியாகத் தூங்குவார். எழுந்து வாசலுக்கு வந்தால் ஸ்கூட்டர் கண்ணாடி மட்டும் திரும்பியிருக்கும். “இந்தக் காக்காவுக்கு வேற வேலையே இல்ல” என்று சரிசெய்து வைப்பார்.

ஒரு நாள் அவளே வேறு பேச்சை எடுத்தாள்.

“எத்தனை நாளைக்குத்தான் இப்படிப் படுத்தே கெடப்பீங்க? மாத்திரை அது பாட்டுக்கு இருக்கட்டும். சூட்டு ஊசி வைக்கிற டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்களாம். டென்ஷன்ல வர்ற பிரஷருக்கு வைக்கிறாங்களாம். அரை நாள் லீவு போடுங்க.”

அவர் பயந்தார். ஊசிக்கு இல்லை. பிரஷர் இறங்கினால் சாவி போய்விடுமே! மாட்டேன் என்றால் சந்தேகம் வரும். சரி, ஊசி உள்ளே போகட்டும், பிரஷர் கீழே போகக் கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டு கிளம்பினார். மனைவி ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். துண்டும் பிளாஸ்கும் போலிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

டாக்டரம்மா அவரைப் படுக்க வைத்து, முழங்காலுக்குக் கீழே முடி போன்ற ஊசிகளைச் செருகினார். ஊசியின் வால் பக்கம் காய்ந்த மூலிகையைப் பஞ்சு மாதிரி உருட்டி வைத்துப் பற்றவைத்தார்.

“ஆடாதீங்க சார், சாம்பல் கொட்டும்.”

“இதுக்கெல்லாம் பிரஷர் கேக்குமா டாக்டர்?”

“சில பேருக்குக் கேக்குது. உங்க ஒடம்பு என்ன சொல்லுதுன்னு பாப்போம்.”

சூடு மெதுவாகக் காலுக்குள் இறங்கியது. இது ஆபத்து என்று மேனேஜரை நினைத்தார். மேனேஜர் வந்தார். வந்தவர் சிரித்தார். “சாப்பிட்டீங்களா?” என்று வேறு கேட்டார். இந்த ஜென்மத்தில் கேட்காத மனுஷன்! அதற்குப் பிறகு நடந்தது அவருக்குத் தெரியாது. குறட்டை பக்கத்து அறை வரைக்கும் கேட்டதாம்.

எழுப்பியபோது உடம்பு பஞ்சாக இருந்தது. போச்சு, இறங்கிவிட்டது! பட்டையைச் சுற்றும்போதே கால் விரல்களை முறுக்கினார். மூச்சை அடக்கினார். மேனேஜர் இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில், தன் ஸ்கூட்டரில் மனைவி ஏறிப்போய்ச் சுவரில் மோதுவதை நினைத்தார்.

மெஷின் அலறியது.

டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. “என்ன சார் இவ்ளோ இருக்கு?”

“நான்தான் அப்பவே கேட்டேனே டாக்டர், இதுக்கெல்லாம் பிரஷர் கேக்குமான்னு.” வருத்தமாகச் சொல்லப் பார்த்தார். பல் தெரிந்துவிட்டது.

“மாத்திரையை நிறுத்திடாதீங்க. அடுத்த வாரமும் வாங்க. இன்னொண்ணு, இது எறங்குற வரைக்கும் நீங்க வண்டியைத் தொடக் கூடாது. சாவிய அம்மாகிட்ட குடுங்க.”

சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். “இவகிட்டயா? இவளுக்கு ஓட்டத் தெரியாதே!”

மனைவி பெரிய பையைத் திறந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்து மாட்டினாள். அவள் தலைக்கு அளவெடுத்தது போலிருந்தது.

“நீ எப்போ கத்துகிட்ட?”

“நீங்க பிரஷர்னு படுத்தப்போ எல்லாம். கீழ் வீட்டு அக்காதான் சொல்லிக்குடுத்தாங்க.”

“அப்போ அந்தக் கண்ணாடி...”

“அது காக்கா இல்லீங்க, என் ஒயரம்.”

சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள். அவர் பின்னால் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டார். வண்டி வெண்ணெய் மாதிரி போனது. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

“ஏய், எங்க போற? வீடு அந்தப் பக்கம்.”

“ஸ்கூல் விடுற நேரங்க. பாப்பாவை ஏத்திக்கிட்டுப் போயிடலாம்.”

“மெதுவாப் போ. லாரி வருது பாரு. ஹாரன் அடி. பிரேக்கைப் புடி...”

“ஏங்க.”

“என்ன?”

“பேசாம வாங்க. எனக்குப் பிரஷர் ஏறுது.”