வேலை செய்யாத கம்பி

1961ஆம் ஆண்டு ஐப்பசி அடைமழையில், செம்மண்டலத்திற்குக் குடிவந்த அன்றுதான் ரசியா அடுத்த வீட்டுக் கிபாயத்துல்லா மாமாவை முதன்முதலில் கண்டாள். குடையுடன் வந்தவர் நலம் விசாரிக்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்து, ஓடுகளைத் தப்பாக அடுக்கியிருக்கிறார்கள் என்றார். அவள் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

வாசகர்களே, வீடு கட்டுவோர் உண்டு. கட்டிய வீட்டில் குடியிருப்போர் உண்டு. இவ்விரு கூட்டத்திலும் சேராமல், பிறர் வீட்டு மராமத்துக்கென்றே பிறந்த மூன்றாம் இனம் ஒன்றும் உண்டு. தம் வீட்டுச் சுவர் சாய்ந்து கிடந்தாலும் திரும்பிப் பாராத இவ்வினத்தார், அடுத்த வீட்டில் ஒரு செங்கல் இறங்கினால் போதும், மோப்பம் பிடித்து வந்து, நாற்காலி கேட்டு வாங்கி, முற்றத்தின் நடுவில் அமர்ந்து, தேநீருக்குச் சர்க்கரை போதவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் மேஸ்திரியைக் கண்டிக்கத் தொடங்குவர். யார் அழைத்தார்? யாருமில்லை. அழைத்தால் வருபவர் விருந்தினரல்லவா?

ஐந்தாண்டுகள் கழித்து, சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் மலிகா தலைப்பிரசவத்திற்கு வருகிறாள் என்று ரசியா குளியலறையைப் புதுப்பித்தாள். கணவர் பினாங்கில், ஆகவே மாமா நாற்காலியில். கிணற்றுக்கு மோட்டார், இரும்புக் குழாய், பளபளக்கும் பித்தளைத் திருகு எல்லாம் வந்தன. வயர்மேன் பொன்னுரங்கம் குழாயோடு ஒரு செம்புக் கம்பியைப் பிணைத்து, கரியும் உப்பும் கொட்டிய குழியில் ‘எர்த்’ என்று புதைத்துவிட்டுப் போனார்.

மாமா கம்பியைச் சுற்றி வந்தார்.

"இதால வெளக்கு எரியுதா? காத்தாடி சுத்துதா? எந்த வேலையும் செய்யாத கம்பி எதுக்கும்மா தண்டமா?"

தண்டம் பொறுக்காதவர் அதை அறுத்தெடுத்து, கொல்லையில் துணி உலர்த்தும் கொடியாகக் கட்டினார். சிக்கனத்தைத் தெருவே கூடிப் பாராட்டியது.

மறுநாள் முதல், மோட்டார் ஓடும்போதெல்லாம் குழாய், தொட்ட கையை மின்சாரமாய்க் கடித்தது. புதுக் குழாய்க்கு வேகம் அதிகம் என்றார் மாமா. பிறகு வாத நரம்புக்கு நல்லது என்றார். அதைக் கேட்டு முழங்கால் வலியுடன் வந்த எதிர்வீட்டு ஆரோக்கியம்மாள் குழாயைத் தொட்டதும் வலியை மறந்து ஓடியதையே மாமா அதற்குச் சான்றாகவும் காட்டினார். இறுதியில், எல்லோரும் மரக்கட்டைச் செருப்பணிந்தே குளிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றினார். குளியலறைக்குள் குதிரைப்படை புகுந்தாற்போல வீடு தடதடத்தது.

ரசியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கம்பிய அறுத்த நாள்லேர்ந்துதான் மாமா கடிக்குது. நெறமாசப் புள்ள கட்டைய மாட்டிக்கிட்டு ஈரத்துல எப்படி நடக்கும்?"

"பழகிக்கும்."

"வழுக்கி வுழுந்துச்சுன்னா?"

"பயந்தாம்மா கடிக்குது, கொழாயில்ல. இப்பப் பாரு."

அசர் தொழுகை நேரம். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மாமா கட்டையேறி நின்று ஒளு செய்தார்: கை கழுவினார், வாய் கொப்பளித்தார், முகம் கழுவினார், குழாய் பூனையாயிருந்தது. அவர் ரசியாவைப் பெருமையுடன் நோக்கினார். ஆனால் காலையும் கழுவினால்தானே ஒளு நிறைவுறும்? கட்டைக்கு மேலே கழுவ முடியுமா? வலக்காலைக் கட்டையிலிருந்து உருவி, கழுவி, ஈரத்தரையில் ஊன்றி, இடக்காலைத் தூக்கும்போது தடுமாறிக் குழாயைப் பற்றினார்.

அறுபது வயதில் அப்படியோர் ஆட்டம் யாருக்கு வாய்க்கும்! தொப்பி தொட்டியில் விழுந்தது. ஒரு கட்டை கூரையேறியது. மாமா கொல்லைப்படியைத் தொடாமலே முற்றத்திற்கு வந்து நாற்காலியில் அமர்ந்தார்.

ரசியா ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினாள். பொன்னுரங்கத்தை அழைத்துவர ஆள் போயிற்று. மூச்சு திரும்பியதும் மாமா, தாமே வேண்டுமென்று சோதித்துப் பார்த்ததாகத் தெளிவுபடுத்தினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால், பயன் தெரியாத காரணத்தினாலேயே பயனற்றது என்று நீங்கள் எதையும் அறுத்தெறிந்ததில்லையா? எதற்கும் உங்கள் வீட்டுக் கொடியை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

மாமா இரண்டாம் தேநீரையும் குடித்து முடித்தார். சர்க்கரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, கொல்லைப்பக்கம் பாராமலே, தணிந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்:

"ரசியா, கொடியில கெடக்குற துணியெல்லாம் கொஞ்சம் எடும்மா."